மஞ்சத்தண்ணி ஊற்றின இடம்

“மண்ணு தெரியக்கூடாதும்மா. எங்க மண்ணு கண்ணுக்குத் தெரியுதோ, அங்க ஒரு செடிய வெச்சு மூடிடு.”

பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த தோட்ட வேலை மொத்தமும் இந்த ஒரு பேச்சுதான். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, காட்டு வீட்டம்மா என்பார்கள். ஆனேக்கல் பக்கம் பிறந்த கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். பதறிப்போனால் மட்டும் அவருடைய பாஷை வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பேடா’ என்பார். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயில் நான் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்டதில்லை.

ஓசூரைத் தாண்டி கர்நாடகா பார்டர் பக்கம் போகிற வழியில், கம்பெனிகளுக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்லாவியில் இருந்து கல்யாணமாகி வந்து, கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்து, முதுகு போனதும் வேலையை விட்டேன். சொந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் வெறும் மண். ஒரு புல் முளைத்திருந்தால் அதுவும் ஒரு ஓரத்தில், வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்த மாதிரி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தால் காடு.

ஒரே அளவு பிளாட், ஒரே மண். அங்கே மட்டும் எப்படி? அதைப் பார்த்து நாமும் அப்படி ஒன்று போடலாம் என்றுதான் ஒரு நாள் சாயங்காலம் கேட்டைத் தட்டினேன்.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி ரோட்டில் இருந்து திரும்பி வருகிறவள். அன்றைக்கும் உள்ளே கால் வைக்கும்போது பாம்பு இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். சிமெண்ட் பலகை போட்ட ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் கனகாம்பரம், குரோட்டன்ஸ், கல்வாழை, நந்தியாவட்டை, செம்பருத்தியில் நாலு நிறம். அவற்றுக்குக் கீழே பத்துமணிப்பூ. அதற்கும் இடம் விட்டுப்போன சந்துகளில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார். பின்னால் ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, மூலையில் பெரிய முருங்கை. தொட்டிச் செடி ஒன்றுகூட இல்லை, எல்லாம் தரையில்தான். ஆனால் அந்தத் தரை கண்ணில் படவே இல்லை. அக்கா செருப்போடுதான் தோட்டத்தில் நடந்தார். ஒரு காய்ந்த இலையைத் தொட்டாலும் குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஆச்சாரம் பார்க்கிற குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“பூச்செடி எது வேணும்னாலும் கேளு. கிளை ஒடிச்சுத் தரேன், பதியன் வேணும்னா போட்டுத் தரேன்” என்றார். நெஞ்சு நிறைந்துபோனது. கை நிறைய வாங்கினேன். திரும்பும்போது கொய்யாவில் ஒரு பழம் கைக்கு எட்டுகிற உயரத்தில், மஞ்சளாக, அணில் கடிக்காமல் இருந்தது. ஒரு உரிமையில் கையை நீட்டிவிட்டேன். படார் என்று என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

“பேடா! அதைத் தொடாத.”

“ஒண்ணுதானக்கா...”

“புழு இருக்குது” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து, அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். “வலிக்குதா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தப் பழத்தோடு சேர்த்தே பார்த்தது. தெருவில் அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை. வீட்டில் முருங்கை மரம் வளைந்து தொங்குகிறது, இந்த அம்மா உழவர் சந்தையில் முருங்கைக்காய் வாங்கி, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நடந்து வருவார். எதிர் வீட்டு மேஸ்திரி வேண்டுமென்றே நிறுத்திக் கேட்பார்:

“என்னம்மா, சொந்த மரத்துக் காய் செரிக்கலையா?”

“என் மரத்துக் காய் கசப்புப்பா.”

“தின்னு பார்த்தீங்களா?”

அக்கா பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்குள் போய்விடுவார். “அது ஷோகேஸ் மரம்டா. டீவி பக்கத்துல வெக்கிற பிளாஸ்டிக் ஆப்பிள் மாதிரி” என்று மேஸ்திரி சொல்ல, ஷிப்டுக்கு பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள்.

குப்பை வண்டி வருகிற நாளில் நடந்தது அதைவிட மோசம். வாரத்துக்கு உதிர்ந்த கொய்யா, பப்பாளி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் அக்கா ஒரு சாக்கில் போடுவார். செருப்புக் காலால் சாக்கை மிதிப்பார். பிறகு ஃபினாயில் ஊற்றி வாயைக் கட்டுவார். வண்டியோடு வருகிற பெண் ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

“ஏம்மா, நல்ல காயி. எனக்குக் குடுத்தா நான் தின்ன மாட்டனா? மாடாவது தின்னும். நாசம் பண்ணி எங்கிட்டயே நீட்டறியே, நல்லா இருப்பியா நீ?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “நீ வேணும்னா வூட்டுக்குள்ள வா, சாப்பாடு போடறேன்” என்றார். அவள் தூ என்று துப்பிவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தின்னவும் மாட்டாள், தின்ன விடவும் மாட்டாள், என்ன மனசு இது என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மறுநாளே இடுப்பு உயரம் வளர்ந்திருந்த ரோஜாப் பதியன் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்து, என் வீட்டு வாசலில் தானே நட்டுவிட்டுப் போனதும் அவர்தான். இந்த இரண்டு பேரும் ஒரே ஆளா என்று குழப்பமாக இருக்கும்.

ஒரு நாள் சுவர் ஓரம் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டேன். “பிளாட் போடறதுக்கு முன்னாடி இங்க என்னக்கா இருந்துச்சு? வயலா?”

அக்கா சுவரில் சாய்ந்திருந்த ஒரு கிளையை ஒதுக்கிவிட்டார். பிறகு, “ஷெட்டு இருந்தது” என்றார். அப்புறம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் கையால் காட்டி, “அந்த இடம் மஞ்சத்தண்ணி ஊத்தின இடம்மா” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் சாமிக்கு ஆடு நிறுத்தி, அதன் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றி, அது உடம்பைச் சிலிர்க்கிறதா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். சிலிர்த்தால்தான் வெட்டு. அப்படிப்பட்ட இடத்திலா வீட்டைக் கட்டிப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம்?

“எந்தச் சாமிக்கா?”

அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

“தினமும் ஊத்தினாங்க. வருசக்கணக்கா ஊத்தினாங்க. அங்க எதையும் வெக்காத. அப்டியே விட்டுடு.”

தினமும் என்றால் எவ்வளவு துடியான அம்மனாக இருக்க வேண்டும்! அந்த வாரமே ஒரு செங்கல்லை நட்டுக் குங்குமம் வைத்தேன். வெள்ளிக்கிழமை கற்பூரம். அந்தப் பக்கம் போகும்போது செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“செருப்புப் போட்டுக்கோம்மா.”

“சாமி இடத்துல எப்டிக்கா?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பக்தியில் வாயடைத்துப் போனதாக நான் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் சுதாவைப் போச்சம்பள்ளியில் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்கும் அங்கே கம்பெனி வேலைதான். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இரண்டாவது தங்கி, ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துக்கொண்டு வந்தோம். செக்கப்புக்குப் போனால், ரத்தம் ரொம்பக் கம்மி, இப்படியே இருந்தால் பிரசவத்தில் தாய்க்கும் சிரமம், குழந்தைக்கும் சிரமம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் சுதாவுக்கு வயிற்றில் தங்குவதில்லை, வாந்திதான். கீரை கொடுங்கள், முருங்கைக் கீரை கிடைத்தால் விடாதீர்கள் என்றார். கடைக் கீரை வாங்க எனக்குப் பயம். மருந்து அடித்திருப்பார்கள். இந்தக் குழந்தையும் போய்விட்டால் என் பெண் என்ன ஆவாள் என்று எனக்கு இரவில் தூக்கம் கிடையாது.

சுதாவே ஒரு நாள் சுவர் ஓரம் போய் நின்று கேட்டுவிட்டாள்.

“ஆன்ட்டி, ஒரே ஒரு கொத்து முருங்கைக் கீரை குடுங்க. உங்க மரத்தப் பார்த்தாலே வாய் ஊறுது.”

அக்கா அவள் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை.

“இல்லம்மா.”

“ஒரு கொத்துதான் ஆன்ட்டி. இவ்ளோ இருக்குதே.”

“கம்பளிப்பூச்சி அடைஞ்சு கெடக்குது. பேடா தாயி. போ, உள்ள போய்ப் படு.”

மாசமாக இருக்கிற பெண் வாய்விட்டுக் கேட்டு, இல்லை என்று சொன்ன வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. பகையாளிகூட அந்த நேரத்தில் கொடுத்துவிடுவான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மேஸ்திரி பெண்சாதி அக்கா வீட்டு கேட்டுக்கு எதிரில் நின்று, யாருக்கோ சொல்வது போலக் கத்தினாள்: “புள்ளத்தாச்சிக்கு ஒரு கொத்துக் கீரை குடுக்காத கை வெளங்குமா? அதான் வயித்துல ஒண்ணும் இல்லாம மரத்தக் கட்டிட்டு அழுவுது!”

மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் ஒரு கேரி பேக் தொங்கியது. உள்ளே முருங்கைக் கீரை. ரப்பர் பேண்ட் போட்ட சந்தைக் கட்டு. அவர் மரத்துக் கீரை இல்லை. காலையில் முதல் பஸ் பிடித்து, சந்தைக்குப் போய் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மரத்தில் இருப்பதைக் கொடுக்க மனசில்லாமல் கடையில் வாங்கிப் பிச்சை போடுகிறாளா? அதைத் தெருவில் போன மாட்டுக்குப் போட்டேன். அதற்குப் பிறகும் கேட்டில் பை தொங்கிக்கொண்டேதான் இருந்தது. எல்லாம் மாட்டுக்குத்தான் போனது.

அந்த வீம்பில்தான் நானே கீரை போட்டேன். எங்கே போட்டேன்? செங்கல் நட்ட இடத்தைச் சுற்றித்தான். அம்மன் இடத்தைவிடச் சுத்தமான இடம் ஏது? சாணி வாங்கிக் கலந்து, வெறுங்கையால் மண்ணைப் பிசைந்து, அரைக்கீரையும் சிறுகீரையும் தூவினேன். போர் தண்ணீர் ஊற்றினேன். அந்த மண்ணில் எதுவும் வராது என்று நினைத்திருந்தேன், கரும்பச்சையாக வந்தது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அழுதேன். கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. பருப்புப் போட்டுக் கடைந்து கொடுத்தால் சுதா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அது அவள் வயிற்றில் தங்கியது.

அக்காவோடு நான் பேச்சை விட்டிருந்தேன். அவர்தான் ஒரு நாள் சுவருக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“அங்க என்னம்மா போட்டிருக்கிற?”

“கண்ணு தெரியலையா? கீரை.”

“யாருக்கு?”

“என் பொண்ணுக்கு. எவ வாசல்லயும் போய் நிக்கக் கூடாதில்ல.”

“பிடுங்கிடு. சொல்றதக் கேளு, பிடுங்கிடு.”

“நீங்க குடுக்கவும் மாட்டீங்க, நாங்க போட்டுத் தின்னவும் கூடாதா? போயிடுங்கக்கா, என் வாயக் கிளறாதீங்க.”

அதற்கு இரண்டு நாள் கழித்து, தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், பட்டப்பகலில் எங்கள் பின்பக்கத்தில் அக்கா. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் கட்டியிருக்கிறார். கீரையை வேரோடு பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருக்கிறார். பாத்தி முக்கால்வாசி மொட்டை.

குடத்தைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நான் கத்திய கத்தலில் லாரிக்கு நின்றிருந்த கூட்டம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கதவில் நின்றாள். என்ன வார்த்தையெல்லாம் சொன்னேனோ. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. சுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன நாளா தின்னுது? மொதல்ல அதச் சொல்லு. பொண்ணு எத்தன நாளா இதத் தின்னுது?”

“மூணு வாரமா தின்னறா. அதுக்கென்ன இப்போ? வயிறு எரியுதா?”

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் மண்ணில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீ நெனக்கிற மஞ்சத்தண்ணி இல்லம்மா அது. எங்க ஊட்டுக்காரரு ஷெட்டு. இரும்புக்கு முலாம் போடற ஷெட்டு. பளபளன்னு வர்றதுக்கு ஒரு மருந்து, தொட்டியில மஞ்சளா இருக்கும். தொட்டி கழுவினா இந்தக் குழியில ஊத்துவாங்க. வேலையாளுங்க அதுக்கு வெச்ச பேரு மஞ்சத்தண்ணி.”

கையில் கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். அவரே மேலே சொன்னார்.

“அந்த ஆவி பட்டு அவருக்கு மூக்குத்தண்டுல ஓட்டை. இந்தப் பக்கம் நூல் விட்டா அந்தப் பக்கம் வரும். அதச் செஞ்சு காட்டிச் சிரிப்பாரு. எல்லாருமே அப்டித்தான் சிரிச்சாங்க. அப்புறம் நுரையீரலு. போயிட்டாரு. ஷெட்டப் பிரிச்சாங்க, குழி மேல மண்ணத் தள்ளினாங்க, பிளாட்டு போட்டாங்க. அவரு பங்குக்கு எனக்கு இந்த ஒரு பிளாட்டு. முருங்கை அவரு வெச்சது. வெட்டி வேரக் கெளப்பினா அடி மண்ணு மேல வந்துடும்னு வெட்டல. மத்த பழமரமெல்லாம் பறவை போட்டது.”

“அப்போ ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. நீ எந்தச் சாமின்னு கேட்ட.” அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ சாமின்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா. சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. சாமி இடம்னு பயந்துகிட்டு நீ எதையும் வெக்க மாட்டன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

முதலில் வாயைத் திறந்தது மேஸ்திரி. “இந்தாம்மா, இத்தோட நிறுத்திக்கோ. நாங்க கறிவேப்பில வெச்சுத் தின்னறோம், செத்தா போயிட்டோம்? நாலு பேரு வீடு விக்கிற நேரத்துல புரளியக் கெளப்பிட்டு... இது இந்தக் காம்பவுண்டத் தாண்டக் கூடாது, ஆமா.” கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் பெண்சாதி மட்டும் அன்று மாலை தன் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை ஓசைப்படாமல் வெட்டிப் போட்டாள். அதை நான் மாடியில் இருந்து பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வித்துட்டுப் போயிடலாம்ங்க” என்றேன். “வாங்கறவன் கீரை போடுவான்” என்றார். நாங்கள் போகவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் முழுக்கக் கேட்டார், பாவம், என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. இனிமேல் சாப்பிடாதீர்கள் என்றார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று கருவியை வைத்து எங்களுக்கே கேட்க வைத்தார். இத்தனை வருடம் பாம்புக்கும் கேஸுக்கும் கடைக் கீரைக்கும் பயந்த எனக்கு, என் கையால் பிசைந்த மண்ணுக்குப் பயப்படத் தெரியவில்லையே என்று அந்த டக்டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பையன் பிறந்தான். எடை கொஞ்சம் கம்மி. கை கால் எல்லாம் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இலைகளுக்கு நடுவில் இருந்து குரல் வந்தது.

“மகு அழுதுச்சா?”

குழந்தையை அவர் மகு என்றுதான் சொல்வார். அழுதான் என்றேன். அடுத்த நாள், “பால் இழுக்குதா?” இழுக்கிறான். ஒரு மாதம் கழித்து, “மூஞ்சியப் பார்க்குதா? விளக்கக் காட்டினா கண்ணத் திருப்புதா?”

சுதாவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே ஆகாது. “என் புள்ளைக்கு என்ன ஆகுதுன்னு வேடிக்க பார்க்குதா அந்தம்மா? என் பையன அந்தக் கண்ணுல காட்டாதீங்கம்மா” என்பாள். அவள் கோபம் நியாயம். ஆனால் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அதற்கு முன்பே நான் எனக்குள் கேட்டதாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “சும்மா இரு, நல்லாத்தான் இருக்கான்” என்பார். மருமகனிடம் சொல்லவே முடியாது. உலகத்தில் இரண்டே பேர்தான் அந்தக் குழந்தையைப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருவருக்குப் பார்க்கவும் வழியில்லை, கேட்கத்தான் முடியும்.

மகளும் பேரனும் போச்சம்பள்ளிக்குப் போன பிறகு, போனில் தெரிந்ததை நான் சுவர் ஓரம் போய்ச் சொல்வேன். கவிழ்ந்துவிட்டான். உட்கார்ந்துவிட்டான், கொஞ்சம் தாமதம். நடந்துவிட்டான், அதுவும் தாமதம். தாமதம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அக்கா ஏதாவது ஒரு கிளையை ஒடிப்பார். “இதக் கொண்டுபோய் அந்த மூலையில நடு. அங்க இன்னும் மண்ணு தெரியுது” என்பார். நடுவேன். என் வீட்டுப் பின்பக்கமும் மெல்ல மெல்ல அவருடையதைப் போலவே ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

இரண்டு வயது முடிந்தது. பையன் பேசவில்லை. ஒரு சொல் இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறான், சிரிக்கிறான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேண்டியதைக் காட்டுகிறான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். கீரையைப் பற்றிக் கேட்டேன். அதையெல்லாம் இப்படித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். முடியாதுதான்.

அந்த வருடம் அக்கா படுத்துவிட்டார். அவருக்கும் நெஞ்சுதான். ஆனேக்கல்லில் இருந்து தங்கை மகள் ஒருத்தி வந்து பார்த்துக்கொண்டாள். நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“மகு மாத்தாடிச்சா?”

பேசினானா என்று கேட்கிறார். நான் யோசிக்கவே இல்லை.

“பேசிட்டான்க்கா.”

“என்னன்னு?”

“அம்மான்னு.”

“எந்தப் பாஷையில?” என்றார். அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். “அது எல்லாத்துக்கும் ஒண்ணுதான?” என்று அவரே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திறந்து, “கூட்டிட்டு வாம்மா. நான் ஒரு தடவ கேக்கணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுதா அந்த ஞாயிறு பையனோடு வந்திருந்தாள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டு, அவள் சரி என்று சொல்லி, கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் என்ன ஆகும்? சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் அன்று முழுக்கக் கேட்டது. நடுநடுவே இருமல் நிற்கும். நின்றால், அவர் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பையன் எங்கள் பின்பக்கம் செடிகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை போய், “வந்தான்க்கா, நீங்க தூங்கிட்டிருந்தீங்க” என்றேன்.

“எழுப்பியிருக்கலாமே” என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகப்போகிறது. பேரன் இப்போது என்னிடம் வந்திருக்கிறான். காலையில் எழுந்ததும் என் மடியில் வந்து உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறான். வாயைத் திறக்கிறான். நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். கொட்டாவி விடுகிறான். பேசினானா என்று கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. இந்தப் பக்கம் நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.